கால் எட்டாத பிள்ளைகள்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு வண்டி மெக்கானிக்கின் மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். 24 வருஷமாக இதே தொழில். சட்டம் படித்தவன் இல்லை. ஆனாலும் 15.2.2023 முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு விதியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆவது விதியில் புதிதாகச் சேர்த்தது அது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை டூவீலரில் ஏற்றினால் ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பிணைக்கும் பெல்ட் வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

இந்த விதி உங்களுக்குத் தெரியும். உங்களைத் தவிர யாருக்குத் தெரியும் என்பதுதான் என் கேள்வி. பட்டறைக்குக் குழந்தையோடு வருகிறவர்களிடம் இரண்டு வாரம் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒருவர்தான் தெரியும் என்றார். அவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மற்றவர்கள் எல்லாரும், “பெல்ட்டா? காரில் போடுவது மாதிரியா?” என்று திருப்பிக் கேட்டார்கள். எங்கள் ஊர் ஹெல்மெட் கடையிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் அந்தப் பெல்ட்டைக் கேட்டேன். மனைவி, மக்களோடு நீச்சலுக்குப் போகிறேனா என்று கேட்டார் ஒரு கடைக்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பெல்ட் என்கிற யோசனை நம் ஜனங்களுக்குப் புதிது ஒன்றும் இல்லை. எக்ஸ்எல்லில் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து, தோள் துண்டால் தன் இடுப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டு ஓட்டும் அப்பாக்களை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். இப்போது அம்மாக்கள் ஸ்கூட்டரில் துப்பட்டாவால் கட்டுகிறார்கள். பிள்ளை தூங்கிவிட்டால் சரிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தத் துண்டை நல்ல நைலானில் தைத்து, தோளில் மாட்ட இரண்டு வார் வைத்து, 30 கிலோ வரை தாங்க வேண்டும் என்று எழுதினால் அதுதான் உங்கள் விதி. துப்பட்டாவில் ஒரு ஆபத்தும் உண்டு. முனை அவிழ்ந்து தொங்கினால் சக்கரம் இழுத்துவிடும். அப்படிச் சுற்றிக்கொண்ட துணியைப் பின்சக்கரத்திலிருந்து பிளேடால் அறுத்து எடுக்கிற வேலை மாதத்துக்கு ஒன்றிரண்டு எனக்கு வரும்.

சரி, இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பெருமைப்படுகிற விஷயம் இல்லை.

2011-இல் என் மகனுக்கு ஐந்து வயது. மாமனார் ஊரில் கிடாவெட்டு. மனைவி முந்தின நாளே போய்விட்டாள். நானும் அவனும் காலையில் பைக்கில் கிளம்பினோம். அந்த வண்டியில் பின்சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டு இல்லை. கழற்றியவன் நானேதான். புது வண்டி எடுக்கிற இளவட்டங்கள் முதல் வேலையாக அதைக் கழற்றச் சொல்வார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். கழற்றிக் கழற்றி எனக்கும் அதே ரசனை ஒட்டிக்கொண்டது. பின்சக்கரத்தில் பாதியாவது மறைகிற மாதிரி ஒரு தடுப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், இந்த மூன்றும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்று அதே மத்திய விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கழற்றியிருப்பேன்.

மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். ஃபுட்ரெஸ்ட்டுக்கு அவன் கால் எட்டாது. இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் முப்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். எதிரே லாரி இல்லை, மழை இல்லை, பள்ளம் இல்லை. அவன் கண் அசந்தான். இடது கால் உள்பக்கமாக மடங்கி ஸ்போக்குக்குள் போய்விட்டது. சத்தம் கேட்டு நான் பிரேக் அடிப்பதற்குள் குதிகால் சதை பிய்ந்து தொங்கியது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது காலேஜில் படிக்கிறான், நன்றாகத்தான் நடக்கிறான். செருப்புக் கடைக்கு மட்டும் என்னோடு வரமாட்டான்.

குழந்தையும் டூவீலரும் என்று பேச்சு வந்தால் எல்லாரும் ஹெல்மெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹெல்மெட் முக்கியம், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பார்க்க வேண்டியது பிள்ளை வண்டியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் கால் எங்கே இருக்கிறது, கை எதைப் பிடித்திருக்கிறது என்பதை. வண்டியைச் செய்தவர்கள் அதைப் பெரிய ஆளின் அளவுக்குத்தான் செய்திருக்கிறார்கள். பின் சீட்டில் உட்காரும் சின்னப் பிள்ளையின் வலது கால் தொங்குகிற இடத்தில் சூடான சைலன்சர். இடது கால் தொங்குகிற இடத்தில் சக்கரம். முதுகில் புத்தகப் பை வேறு. நீங்கள் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது அந்தப் பை பிள்ளையைப் பின்னால் இழுக்கும். எட்டு வயதுப் பையன் பையோடு சேர்ந்து மல்லாக்க விழுந்ததை என் பட்டறை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். பையைக் கழற்றி முன்னால் கொக்கியில் மாட்டுங்கள் என்று சொன்னால் அங்கே சாப்பாட்டுக் கூடை தொங்கும்.

முன்னால் நிற்கிற பிள்ளை கதை இன்னும் மோசம். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிற்க வைத்தால் அம்மாவின் இரண்டு கைக்குள் பத்திரமாக இருக்கிறது என்று தோன்றும். திடீரென்று பிரேக் அடித்தால் பிள்ளையின் நெஞ்சும் தாடையும் நேராக ஹேண்டில்பாரில் போய் மோதும். பின்னாலிருந்து அம்மாவின் உடம்புப் பாரமும் சேர்ந்து அழுத்தும். அப்புறம் இந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர். நிறுத்தி வைத்தால் வண்டி ஓடுகிறதா அணைந்திருக்கிறதா என்று காதுக்குத் தெரியாது. அம்மா இறங்கிக் காய்கறிப் பையை எடுக்கிற நேரத்தில் முன்னால் நிற்கிற பிள்ளை விளையாட்டாக முறுக்கிவிடும். பெட்ரோல் வண்டியானாலும் இதேதான், சத்தம் மட்டும் எச்சரிக்கும். சாவியை அணைக்காமல் இறங்காதீர்கள் என்று எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அப்படியானால் சின்னப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றவே கூடாது என்று சட்டம் போட்டுவிடலாமே? சில இடங்களில் போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எட்டு வயது ஆக வேண்டும், கால் ஃபுட்ரெஸ்ட்டில் பதியவும் வேண்டும். அங்கே வீட்டுக்கு வீடு கார். இங்கே பைக்தான் குடும்ப வண்டி. காலை எட்டே முக்காலுக்கு எங்கள் தெருமுனையில் நின்று பாருங்கள். டேங்க் மேல் பெரியவன், அப்பாவுக்குப் பின்னால் சின்னவள், கடைசியில் அம்மா, மடியில் கைக்குழந்தை. இவர்கள் அந்த வண்டியில் ஆசைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். டவுன் பஸ் எட்டு மணிக்குப் போனால் அடுத்தது ஒன்பதரைக்கு. அந்த நேரத்தில் மார்க்கெட்டுக்கு வரும் காய்கறி லாரிகளுக்கு நடுவே பிள்ளையை நடக்க விடவும் முடியாது. தடை போட்டால் நாளையும் இதே வண்டிகள் இதே வழியில்தான் போகும். போலீஸ் நிற்கிற முக்கைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மையில் ஒரு தடை ஏற்கெனவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 128-ஆவது பிரிவுப்படி டூவீலரில் ஓட்டுகிறவரோடு இன்னும் ஒருவர்தான். அந்த ஒருவருக்கு வயது வித்தியாசம் கிடையாது. அப்பா, அம்மா, மடியில் ஒரு வயதுக் குழந்தை என்றால் அதுவே மூன்று பேர். ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். 2023-இல் கேரளத்தில் ஏஐ கேமரா வைத்தபோது இது பெரிய சண்டையானது. குழந்தையை மூன்றாவது ஆளாகக் கணக்கில் எடுக்காமல் தளர்வு கொடுங்கள் என்று அந்த மாநிலம் கேட்டது. மத்திய அரசு சம்மதிக்கவில்லை. இரண்டு பக்கமும் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்குச் சங்கடம். சீட்டு நீளம் இரண்டு பேருக்கானது. பிரேக்கும் டயரும் அந்தப் பாரத்துக்கானவை. ஆனால் மூன்றாவது ஆளை எங்கே விட்டுவிட்டு வருவது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

எனக்குப் பிடித்த சட்டம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. 2015-இல் கொண்டுவந்தார்கள். வண்டிகள் நிறைய ஓடுகிற, வேகமான சாலைகளில் பிள்ளையை ஏற்ற வேண்டுமானால் மூன்று விஷயம் பார்க்கிறார்கள். கால் ஃபுட்ரெஸ்ட்டில் சௌகரியமாக எட்ட வேண்டும். கை ஓட்டுகிறவரின் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கிற அளவு இருக்க வேண்டும். தலையில் தரமான ஹெல்மெட் வேண்டும். வயதுச் சான்றிதழ் தேவையில்லை, வாசலிலேயே பார்த்துவிடலாம். ஒரு மெக்கானிக் எழுதின சட்டம் மாதிரி இருக்கிறது. இதை நம் ஊருக்கு எடுத்துக்கொள்வதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. பைபாஸ் வேறு, ஊருக்குள் இருக்கிற சாலை வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள், அது நம் விதியில் இல்லை. குழந்தையை வைத்துக்கொண்டு நான்கு வழிச் சாலையில் நாற்பதில் போனால் பின்னால் வருகிற லாரிக்காரர் என்ன செய்வார் என்று விதியை எழுதியவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. கால் எட்டாத பிள்ளையோடு நான்கு வழிச் சாலையில் ஏறாதே என்று சொல்லிவிடலாம். அந்தத் தடையை ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள், பாதிப்பேராவது.

இனி நான் கேட்க வந்த விஷயம். அபராதத்தை அதிகமாக்குங்கள் என்றோ குறையுங்கள் என்றோ கேட்கவில்லை. அந்தப் பெல்ட்டை முதலில் பெற்றவர்கள் கையில் கொடுங்கள், அபராதம் அதற்கப்புறம். யார் கொடுப்பது, எங்கே கொடுப்பது என்பதற்கும் எனக்கு ஒரு யோசனை உண்டு.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனால் 102 வண்டி தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவந்து விடுகிறது. நல்ல திட்டம், என் தங்கைக்கே வந்தது. பச்சைக் குழந்தை பைக்கில் போகக் கூடாது என்று அரசுக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அதே குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. அன்றைக்கு அது பைக்கில்தான் போகிறது, அம்மா மடியில், முகத்தில் சேலைத் தலைப்பு மூடி. அப்புறம் இரண்டரை மாதம், மூன்றரை மாதம். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசி. உங்கள் விதியில் ஹெல்மெட் தொடங்குவதும் ஒன்பதாம் மாதம்! இரண்டு துறையும் பேசிவைத்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஊரில் பிறந்த ஏறக்குறைய எல்லாக் குழந்தையும் ஒரே வயதில், ஒரே இடத்துக்கு, பெற்றவரோடு வருகிற நாள் அது. ஊசி போட்ட கையோடு பெல்ட்டைக் கொடுத்து, அங்கேயே வாசலில் நிற்கிற வண்டியில் எப்படி மாட்டுவது என்று நர்ஸ் அம்மா ஒருமுறை காட்டினால் போதும். போலீஸ்காரர் பத்துத் தடவை சொன்னால் கேட்காதவர்கள், குழந்தை விஷயத்தில் நர்ஸ் அம்மா சொன்னால் கேட்பார்கள்.

தைப்பதற்கும் வெளியே போக வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தானே தைக்கின்றன? அளவும் துணியும் இன்னது என்று முடிவாகி, ஒரகடத்தில் இருக்கிற வாகன ஆராய்ச்சி மையத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டால், தைக்கக் கைகள் இருக்கின்றன. தைத்து முடித்தால் சில நூறு ரூபாய் ஆகும். அது அதிகம் என்று நிதித்துறையில் யாராவது சொன்னால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைக் காட்டுங்கள். சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்றுதான் தொடங்கினார்கள். விழுந்த பிறகு லட்சம் கொடுக்கிற மனசு விழுவதற்கு முன்னால் சில நூறு கொடுக்காதா?

ஹெல்மெட் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, ஹெல்மெட் போட்டால் சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்று சொல்கிறது. அது தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டுக்குத்தான். இரண்டு வயதுப் பிள்ளையின் தலைச்சுற்றளவு 48 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும். எங்கள் ஊர்க் கடையில் சின்ன சைஸ் என்று எடுத்துத் தருவது 54, 56. அதைப் போட்டால் கண்ணை மறைக்கும், கழுத்தும் தாங்காது. பிள்ளைக்கு என்று ரோட்டோரம் விற்பது கார்ட்டூன் ஒட்டின பிளாஸ்டிக் சட்டி. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று 1.6.2021 முதல் உத்தரவு இருக்கும்போதே விற்கிறார்கள். தரமான சைக்கிள் ஹெல்மெட் போட்டாலும் இப்போதைக்குச் சரி என்று விதியிலேயே வழி விட்டிருக்கிறார்கள். அது லேசானது, கழுத்துக்கு நல்லது. இந்தச் சலுகை எத்தனை டிராபிக் போலீஸ்காரருக்குத் தெரியும்? அதைப் போட்டதற்காகப் பிள்ளையின் அப்பாவிடம் அபராதம் வாங்கிவிடப் போகிறார்கள் என்பதுதான் என் பயம்.

2022-இல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசு கணக்குச் சொல்கிறது. அதில் டூவீலரில் போனவர்கள் மட்டும் 74,897. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 9,528. அதே வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் போனார்கள். என் மகன் குதிகால் மாதிரி சங்கதிகள் இந்தக் கணக்கிலேயே வராது. வண்டி விழவில்லை, யாரும் மோதவில்லை, கேஸ் இல்லை.

2012-இல் தாம்பரம் பக்கத்தில் பள்ளிக்கூட பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சின்னப் பிள்ளை இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாடே கொதித்தது, அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது ஒவ்வொரு மே மாதமும் உங்கள் அதிகாரிகள் பஸ்ஸுக்குள் ஏறித் தளத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகளைவிட பைக்கில் வந்து இறங்கும் பிள்ளைகள் அதிகம். பள்ளி திறக்கிற வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் அந்த வாசலில் நிற்கட்டும். ரசீதுப் புத்தகம் இல்லாமல் நிற்கட்டும். சாரி கார்டு இருக்கிறதா, கால் எட்டுகிறதா, பை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும். சாரி கார்டு கழன்ற வண்டிகளை எங்கள் பட்டறைகளுக்கு அனுப்புங்கள், கூலி வாங்காமல் மாட்டித் தர நான் தயார். என் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேரும் சரி என்றார்கள், மூன்றாமவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கடைசியாக, எனக்கே ஒரு பதில் வேண்டும். ஸ்கூட்டரின் முன்பக்கம் போல்ட் போட்டு மாட்டுகிற இரும்புச் சட்ட பேபி சீட் இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் அதை நூற்றுக்கணக்கில் மாட்டியிருக்கிறேன். பிள்ளை நிற்பதைவிட உட்கார்வது மேல் என்று நினைத்து மாட்டினேன். விதியை எழுத்துக் கூட்டிப் படித்த பிறகு குழப்பமாகிவிட்டது. அதில் ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பெல்ட் மட்டும்தான் இருக்கிறது; இந்த சீட் கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. பெல்ட் போட்ட பிள்ளை முன்னால் உட்காரலாமா, பின்னால் மட்டும்தானா என்றும் தெளிவில்லை. போன வாரம் இரண்டு பேர் சீட்டை வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டையும் மாட்டாமல் அலமாரி மேல் வைத்திருக்கிறேன். தினமும் போன் செய்து, “என்னண்ணே, மாட்டியாச்சா?” என்று கேட்கிறார்கள். ஆணையர் ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். மாட்டலாமா, திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.